இரும்பு இறங்கிய வழி

ஸ்பெயினின் கிழக்கே, தெருவேல் மாகாணத்தில், ஓஹோஸ் நேக்ரோஸ் என்றொரு ஊர் இருக்கிறது. பெயருக்குக் கறுப்புக் கண்கள் என்று பொருள். கேட்டதும் ஏதோ காதல் கதை இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஸ்பானிய மொழியில் தண்ணீர் ஊறும் இடத்தையும் கண் என்றே சொல்வார்கள், நாம் ஊற்றுக்கண் என்பதுபோல. எப்படியானாலும், அந்த ஊரை வெளியுலகுக்குத் தெரியவைத்தது அழகும் இல்லை, தண்ணீரும் இல்லை. இரும்பு.

1900இல் ரமோன் தே லா சோத்தா, எதுவார்தோ அஸ்னார் என்ற பில்பாவோ முதலாளிகள் சியெர்ரா மெனேரா சுரங்கக் கம்பெனியைத் தொடங்கினார்கள். தாது கிடைத்தது ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மேட்டு நிலத்தில். கப்பல் நிற்பது மத்தியதரைக் கடலோரம் சகுந்தோவில். நடுவே ஏற்கெனவே ஒரு ரயில் பாதை இருக்கத்தான் செய்தது. அதை நடத்தியவர்களோடு சரக்குக் கட்டணம் பேசியதில் படியவில்லை. பங்காளிச் சண்டையில் பக்கத்திலேயே இன்னொரு வாய்க்கால் வெட்டுகிறவர்களைப் போல, கம்பெனி தனக்கென்று ஒரு பாதையைப் போட்டுக்கொண்டது. மீட்டர் கேஜ், 204 கிலோமீட்டர், பல இடங்களில் பழைய பாதைக்குக் கூப்பிடு தூரத்தில். 1907 முதல் அதில் தாது வண்டிகள் இறங்கத் தொடங்கின.

இன்று அந்தத் தடத்தில் தண்டவாளம் இல்லை. சரளையும் மண்ணும் இறுகிய பாதையில் சைக்கிள்கள் போகின்றன. சுமார் 160 கிலோமீட்டர். கைவிட்ட ரயில் தடங்களில் அமைந்த 'பசுமை வழி'களில் ஸ்பெயினிலேயே நீளமானது. 1993இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இப்போது நாடு முழுவதும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் பாதைகள் சேர்ந்துவிட்டன.

மலைச் சைக்கிளை ஸ்பானியர்கள் 'பே-தே-தே' என்பார்கள். எந்த நிலத்திலும் போகும் சைக்கிள் என்பதன் சுருக்கம். அதை ஓட்டுகிறவர்களில் கொஞ்சம் முறுக்கானவர்களுக்கு இந்தப் பசுமை வழி என்றால் இளக்காரம். பாறையில் குதிக்க வேண்டாம், வேரில் சறுக்க வேண்டாம், இது என்ன சவாரி என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்தச் சாய்வு சும்மா வந்ததல்ல. நீராவி எஞ்சினால் செங்குத்து ஏற முடியாது. அதனால் மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தின் மேல் பாலம் கட்டினார்கள், முடியாத இடத்தில் சுற்றி வளைத்துக்கொண்டு போனார்கள். இன்று பத்து வயதுப் பிள்ளை மூச்சு வாங்காமல் மிதிக்க முடிகிறது என்றால், நூறு வருடங்களுக்கு முன்னால் கடப்பாரை பிடித்தவர்கள் அந்தப் பிள்ளைக்காகவும் சேர்த்து மூச்சு வாங்கியிருக்கிறார்கள்.

பாதையின் பெரிய வசதி அது மாற்றிக் காட்டும் நிலம். மேல்முனையில் ஹிலோக்கா ஆற்றுச் சமவெளி: கோதுமை வயல், காற்று, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரமில்லாத வெளி. தெருவேல் நகரத்தை நெருங்கும்போது மண் செம்மண்ணாகிறது; அந்த மண்ணில் சுட்ட செங்கல்லும் பச்சை, வெள்ளை ஓடுகளும் பதித்த முதேஹார் பாணிக் கோபுரங்கள் தெரிகின்றன. அதற்கப்புறம் எஸ்கந்தோன் கணவாய், 1,200 மீட்டருக்கு மேல். இரும்பு வண்டிகளும் இந்த மேட்டை ஏறித்தான் கடலுக்கு இறங்கின. சர்ரியோன், அல்பெந்தோசா வழியாகப் பர்ராக்காஸ் மேட்டுநிலத்தைத் தாண்டினால், பாதை கடலை நோக்கிச் சரியத் தொடங்கும். ஜூனிப்பர் புதர் போய்ப் பைன் வரும். பைனுக்குப் பின் பாதாம், ஒலிவம். ஹெரிக்காவையும் செகோர்பேயையும் கடந்து பலான்சியா பள்ளத்தாக்கின் அடியை எட்டினால் ஆரஞ்சுத் தோப்பு. காலையில் கையுறை மாட்டிப் புறப்பட்டவர், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஆரஞ்சுப் பூ வாசத்தில் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு போவார். குறிஞ்சியிலிருந்து முல்லை, மருதம் வழியாக நெய்தலுக்கு ஒரே மூச்சில் இறங்குவது போன்ற பயணம். திணைகளின் வரிசை மட்டும் அந்த ஊருக்கே உரியது.

மேலே ஏறுவதற்குச் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு தெருவேல் வரை வருகிறவர்கள் நிறைய. அந்த ரயில் ஓடுவது எந்தப் பாதையில் என்றால், அன்றைக்குக் கட்டணம் படியாமல் கம்பெனி ஒதுக்கிய அதே பழைய பாதையில். இரும்பு வண்டிக்காரர்களே கடைசியில் அதற்குத்தான் திரும்பினார்கள். 1972இல் சொந்தத் தடத்தை மூடிவிட்டுத் தாதுவைத் தேசிய ரயிலில் அனுப்பத் தொடங்கினார்கள். சகுந்தோ இரும்பாலையின் உலைகள் 1984இல் அணைந்தன. சில வருடங்களில் சுரங்கமும் நின்றது. துறைமுகத்தில் ஓர் ஊதுலையை மட்டும் நினைவுச் சின்னமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேலே ஓஹோஸ் நேக்ரோஸில் சிவந்த குழிகள் தண்ணீர் தேங்கிக் கிடக்கின்றன.

குளிரைச் சொல்லாமல் தெருவேலைச் சொல்ல முடியாது. சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரான கலமோச்சாவில் 1963 டிசம்பர் 17 அன்று வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகைக்கு இறங்கியது. அந்த வட்டாரத்தில்தான் 1937 டிசம்பர் முதல் 1938 பிப்ரவரி வரை உள்நாட்டுப் போரின் தெருவேல் சண்டை நடந்தது. குண்டுபட்டுச் செத்தவர்களோடு குளிரில் விரல் அழுகிப் போனவர்களும் சேர்ந்தார்கள். அதே 1938 கோடையில், பாதை கீழே இறங்கும் விவேர் பக்கம், வலென்சியாவைக் காக்கக் குடியரசுப் படை வெட்டிய பதுங்கு குழிகள் இன்னும் மேட்டில் தெரிகின்றன. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அதற்குள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை. குழிக்குள் நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு குறுகல் என்று தெரியும்.

இப்போது கொஞ்சம் கசப்பான கணக்கு. 1900இல் தெருவேல் மாகாணத்தில் சுமார் 2,46,000 பேர். இன்று ஏறக்குறைய 1,34,000. மற்ற ஊர்கள் பெருகிய நூற்றாண்டில் இது கிட்டத்தட்ட பாதியாகியிருக்கிறது. சுரங்கம் மூடியது ஒரு காரணம்தான். உழவுக்கு டிராக்டர் வந்தது, பார்சிலோனாவிலும் வலென்சியாவிலும் தொழிற்சாலைகள் கூப்பிட்டன, பள்ளிக்கூடம் மூடியது, பிறகு டாக்டர் வாரம் ஒருநாள்தான் வந்தார். 1999இல் மக்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதன் பெயரே 'தெருவேல் இருக்கிறது'. தாங்கள் இருப்பதைத் தாங்களே சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை. 2019 நவம்பர் தேர்தலில் அந்த இயக்கம் ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தையும் பிடித்தது.

அந்தக் காலியிடம்தான் இன்று சைக்கிள்காரர்களை இழுக்கிறது. தெருவேலிலிருந்து புறப்பட்டு அல்பர்ரசீன் மலைகள், குவென்கா மலைத்தொடர், மேல் தாஹோ பள்ளத்தாக்கு என்று சுற்றித் தெருவேலுக்கே திரும்பும் சுமார் 680 கிலோமீட்டர் தடம் ஒன்று உண்டு. பெயர் 'மொந்தான்யாஸ் வசியாஸ்', காலி மலைகள். கூடாரமும் சமையல் சாமானும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு ஒரு வாரம், பத்து நாள் போகிறார்கள். லிஸ்பன் வரை போகும் தாஹோ நதி பிறக்கும் இடமும் வழியில்தான். அந்த வட்டாரத்துக்கு ஸ்பெயினின் லாப்லாந்து என்று பட்டப்பெயர். பனிக்காக மட்டுமல்ல, சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் என்ற கணக்குக்காகவும். வந்து போகிறவர்கள் அந்த அமைதியைப் புகழாமல் இருப்பதில்லை. எந்த வண்டிச் சத்தமும் இல்லை, ராத்திரி விளக்கு வெளிச்சம் இல்லை, நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது என்கிறார்கள். அந்த ஊர்க்காரருக்கு அதே அமைதியின் அர்த்தம் வேறு: எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. இரண்டும் ஒரே அமைதிதான் என்பதைச் சைக்கிள்காரர்கள் மறந்துவிடக் கூடாது என்று எனக்குப் படுகிறது.

சைக்கிளால் ஊர் பிழைத்துவிடும் என்று சொல்லவும் மாட்டேன். சின்ன உதவி உண்டு. தெருவேல் அடங்கிய அரகோன் வட்டாரச் சிற்றூர்களில் 'முல்திசெர்விசியோ' என்றொரு ஏற்பாடு இருக்கிறது: மளிகைக் கடை, காப்பிக் கடை, தங்கும் அறை எல்லாம் ஒரே கட்டடத்தில். ஊராட்சி இடம் கொடுக்கும். ஒரு குடும்பம் நடத்தும். அறுபது பேர் உள்ள ஊரில் ரொட்டி விற்று மட்டும் கடை நிற்காது. வழியில் இறங்கி முட்டைப் பணியாரம் போன்ற தொர்த்தியா ஒரு துண்டும் காப்பியும் கேட்கும் நாலு சைக்கிள்காரர் அந்தக் கணக்கில் சேரும்போது, கதவு இன்னொரு குளிர்காலம் திறந்திருக்கும். உண்மையில் மக்களை நிறுத்தி வைத்தது வேறொன்று. சர்ரியோனைச் சுற்றி, ஒன்றும் விளையாது என்று ஆடு மேய விட்டிருந்த கல்லாங்காட்டில், வேரில் பூஞ்சை சேர்த்த கருவாலி மரக்கன்றுகளை நட்டார்கள். இன்று அது கறுப்புத் துரூஃபா காளானின் பேர்போன ஊர். குளிர்காலத்தில் நாய் மோப்பம் பிடிக்கும், ஆள் சின்னக் கத்தியால் தோண்டுவார். பாதையின் இருபுறமும் வரிசை பிடித்து நிற்கும் அந்த மரங்களைப் பலர் வெறும் காடு என்று நினைத்தே கடந்து போகிறார்கள்.

இரும்புக்கும் முந்திய வழி ஒன்றும் இங்கே குறுக்கே போகிறது. அது ஆட்டுவழி. 1273இல் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ மந்தைக்காரர்களின் 'மெஸ்தா' சங்கத்தை அங்கீகரித்தார். மந்தை போகும் பெருவழியான கன்யாதாவுக்கு 90 வாரா அகலம், இன்றைய அளவில் 75 மீட்டர். நம் ஊர் நாற்கர நெடுஞ்சாலையைவிட அகலம், அதுவும் செம்மறிக்கு! மெரினோ ஆட்டின் மயிர் அந்நாட்டுக்கு அவ்வளவு பொன். 1836இல் மெஸ்தா ஒழிந்தது. வழிகளை உழுது சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு, வீடு கட்டியவர்களும் உண்டு. 1995இல் வந்த சட்டம் மிஞ்சியதைப் பொதுச்சொத்தாக உறுதிசெய்தது. ஏறக்குறைய 1,25,000 கிலோமீட்டர் என்பது கணக்கு.

அல்பர்ரசீன் மலையிலுள்ள குவாதலவியார் போன்ற ஊர்களில் இது ஏட்டுச் செய்தி இல்லை. பனி விழுமுன் ஆண்கள் மந்தையோடு தெற்கே ஹயேன் பக்கத்து வெதுவெதுப்பான மேய்ச்சலுக்குச் சுமார் ஒரு மாதம் நடந்து போவார்கள். கோடை தொடங்கும்போது திரும்புவார்கள். ஊரில் குளிர்காலம் என்றால் பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும்தான். அந்த ஊரில் இப்போது இடம்பெயர் மேய்ச்சலுக்கு ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. பெரும்பாலான மந்தைகள் லாரியில் போகின்றன. ஆனாலும் நடந்தே போகிற சில குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

1995ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பவர்கள், குதிரையில் போகிறவர்கள், மோட்டார் இல்லாத வண்டிகளில் போகிறவர்கள் எல்லோரையும் அந்த வழியில் அனுமதிக்கிறது, ஒரு நிபந்தனையோடு: முதல் உரிமை மந்தைக்கு. ஆகவே நவம்பரில், கைப்பிடியில் ஜி.பி.எஸ். ஒளிர ஓர் இறக்கத்தில் வேகமாக வந்துகொண்டிருப்பவருக்கு வளைவுக்கு அப்பால் மணிச்சத்தம் கேட்டால், அவர் பிரேக் பிடித்து இறங்கி, சைக்கிளைப் புதரோரம் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். ஆயிரம் ஆடு கடந்து போகக் கொஞ்ச நேரம் ஆகும்.