58 வயது டைசனை ரிங்கில் ஏற்றியது யார்?

2024 நவம்பர் 15 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் மைக் டைசனும் ஜேக் பாலும் மோதினார்கள். டைசனுக்கு வயது 58. தொழில்முறைப் போட்டியில் அதற்குமுன் அவர் இறங்கியது 2005இல், அதிலும் தோல்வி. பாலுக்கு 27, யூடியூபில் பெயர் வாங்கிவிட்டுக் குத்துச்சண்டைக்கு வந்தவர். ஆறு கோடி வீடுகளில் பார்த்தார்கள் என்று போட்டியை ஒளிபரப்பிய நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது.

மாநில அரசுத் துறை இதைத் தொழில்முறைப் போட்டியாகவே அனுமதித்தது. முடிவு இருவர் கணக்கிலும் ஏறியது. விதிகளை மட்டும் தளர்த்திக்கொண்டார்கள். ஆண்களுக்கு வழக்கமான மூன்று நிமிடச் சுற்று இரண்டு நிமிடமானது. 10 அவுன்ஸ் கையுறை 14 அவுன்ஸ் ஆனது. எட்டே சுற்று. அப்படியும் டைசன் விட்ட 97 குத்துகளில் பட்டவை 18. மூன்று நடுவர்களும் பாலுக்கே வெற்றி கொடுத்தார்கள்.

இந்தப் போட்டி ஜூலையிலேயே நடந்திருக்க வேண்டியது. டைசனின் அல்சரால் தள்ளிப்போனது. அந்த ஜூனில் சாவின் விளிம்புவரை போனதையும், எட்டு முறை ரத்தம் ஏற்றியதையும் போட்டி முடிந்த பிறகுதான் அவர் எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

இப்படிப்பட்ட போட்டி எப்படி நடக்கிறது? தொழில்முறைக் குத்துச்சண்டையில் அட்டவணை போட ஒரே லீக் கிடையாது. பெரிய உலகப் பட்டங்களைத் தரும் அமைப்புகளே நான்கு. நான்குக்கும் தனித்தனித் தரவரிசை. யாரோடு யார் மோதுவது என்பதைப் பெரும்பாலும் புரமோட்டரும் ஒளிபரப்பு நிறுவனமும் பேசி முடிக்கிறார்கள். டிக்கெட் விற்கும் பெயர் இருந்தால் தரவரிசை குறுக்கே நிற்காது. ஆர்லிங்டனில் போட்டியை நடத்தியதே பால் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம்தான்.

அதே இரவில், டைசனுக்கும் பாலுக்கும் முன்பாக, குத்துச்சண்டை வீராங்கனைகள் கேட்டி டெய்லரும் அமண்டா செரானோவும் பத்துச் சுற்று மோதினார்கள். செரானோவின் புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது. தலை மோதியதற்காக டெய்லருக்கு ஒரு புள்ளி வெட்டினார்கள். ஆனாலும் மூன்று நடுவர்களின் தாளிலும் 95-94, டெய்லருக்கு. ரசிகர்கள் இன்னும் அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். உண்மையான போட்டிக்கு அதுதான் அடையாளம்.

டைசன் பெயர் இல்லாவிட்டால் டெய்லருக்கும் செரானோவுக்கும் அவ்வளவு பார்வையாளர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள் என்பார்கள். நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் 2022 ஏப்ரலில் இதே இருவரும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மோதியபோது எந்தப் பழைய நட்சத்திரமும் துணைக்கு வரவில்லை. டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. அந்தப் போட்டியைச் சேர்ந்து நடத்தியதும் பாலின் நிறுவனமே.