இரவற்பெயரில் ஒரு நடிகர்

எங்கள் வல்வெட்டித்துறையிலிருந்து கடல் கடந்துபோய்ப் பெயர் மாறியவற்றை எண்ணும்போது என் நினைவில் முதலில் வருவது ஒரு மரக்கலம். இவ்வூரிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி அம்மாள்’ 1938 ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதனை விலைக்கு வாங்கிய அமெரிக்கர் தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார். பாயும் பலகையும் பழையனவே. பெயர் மட்டும் புதிது. பிற்காலத்தில் இத்துறையிலிருந்தும் யாழ்ப்பாணத்தின் ஏனைய ஊர்களிலிருந்தும் புறப்பட்ட மக்கள் யார் யார் பெயர்களைத் தாங்கி எந்தெந்தத் தேசங்களிற் கரையேறினர் என்பதற்குக் கணக்கில்லை. அவர்களுள் ஒருவரைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தேன்.

அவர் எங்கள் ஊரவர் அல்லர். யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு அப்பால், கடல்நீரேரியைக் கடந்து தீவுப்பகுதிக்குட் புகும் வழியிலுள்ள அல்லைப்பிட்டியில் 1967 இல் பிறந்தவர். இயற்பெயர் அன்ரனிதாசன் யேசுதாசன். ஷோபாசக்தி என்னும் புனைபெயரால் தமிழ் வாசகர் அவரை அறிவர். பதின்பருவத்திலேயே விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்ந்து, 1986 இல் அதனின்றும் விலகி, தாய்லாந்தில் அகதியாக அலைந்து, 1993 இல் பிரான்சை அடைந்தார். அங்கே பாத்திரம் கழுவினார், சமையல் செய்தார், கடைத்தட்டுகளிற் பொருள் அடுக்கினார். இவற்றுக்கிடையே எழுதினார். 2001 இல் ‘கொரில்லா’ என்னும் நாவல் வெளிவந்தது. 1983 ஆம் ஆண்டு வெலிக்கடைச் சிறைப் படுகொலையைப் பொருளாகக் கொண்ட ‘ம்’ 2004 இலும், ‘பொக்ஸ் கதைப்புத்தகம்’ 2015 இலும் தொடர்ந்தன.

அவருடைய எழுத்தை நான் நெடுங்காலம் தொடவில்லை என்பதை மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். பிராசீன கல்விமரபிற் பயின்று பண்டிதர் பட்டம் பெற்றவனுக்கு அந்நடை உவப்பாயிருக்கவில்லை. வசைச்சொற்கள் கூசாமல் வந்து நின்றன. அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. தாம் இருந்த இயக்கத்தைக் கடுமையாக விமரிசித்தவர் அவர். ஒவ்வொரு தெருவும் ஒரு பிள்ளையையேனும் போருக்குக் கொடுத்த ஊரில் அத்தகைய நூலைக் கையில் வைத்திருப்பதே ஒரு கட்சியைச் சேர்வதாக எண்ணப்படும். நானும் அயலாரின் முகத்துக்கு அஞ்சினேன்.

அந்நிலையை மாற்றியது நூலன்று, படம். பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓடியார் எடுத்த ‘தீபன்’ 2015 மே மாதம் கான் திரைப்பட விழாவிலே தங்கப்பனை விருதைப் பெற்றது. அதன் நாயகர் ஷோபாசக்தி. பாரிசில் வாழும் பழைய மாணவன் ஒருவன் விடுமுறையில் வந்தபோது, தன் மடிக்கணினியிலே அதனை எனக்குக் காட்டினான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆச்சியும் வந்து திண்ணையில் அமர்ந்துகொண்டார்.

படம் ஒரு தகனத்தோடு தொடங்குகிறது. போரிலே தோற்ற ஒருவன் மாண்ட தோழர்களின் உடல்களை எரியூட்டித் தன் சீருடையையும் அத்தீயில் இடுகிறான். பின்னர், இறந்துபோன தீபன் என்பவனின் கடவுச்சீட்டு அவன் கைக்கு வருகிறது. முன்பின் அறியாத ஒரு பெண் மனைவியாகிறாள். தாயற்ற ஒரு சிறுமி மகளாகிறாள். மூவரும் ஒரு குடும்பமென்று நடித்துப் பிரான்சிற் புகலிடம் கேட்கின்றனர். அவனுடைய உண்மைப் பெயர் சிவதாசன்.

இலக்கண ஆசிரியனுக்கு இவ்விடத்தில் ஒரு சிக்கல். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றுக்கு ஆகிவருவதை ஆகுபெயர் என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். செத்தவன் பெயர் உயிரோடிருப்பவனுக்கு ஆகிவந்தால் அதனை எவ்வகையில் அடக்குவது? இயக்கத்திற் சேர்ந்தவனுக்கு ஒரு பெயர், அகதிக்கு வேறொன்று, எழுத்தாளனுக்கு மற்றொன்று, நடிகனுக்குப் பாத்திரத்தின் பெயர். அப்பாத்திரமும் இரவற்பெயரிலேயே வாழ்கிறது. இத்தனை உறைகளுக்குள்ளே இருந்துகொண்டு அந்த மனிதர் நடித்ததை நடிப்பென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கதையில் ஏறக்குறைய பாதி தம் வாழ்க்கையே என்று அவரும் கூறியிருக்கிறார்.

எங்கள் தலைமுறையின் செவியில் நடிப்பென்றவுடன் ஒலிப்பது நடிகமணி வி. வி. வைரமுத்துவின் குரல். அவருடைய மயான காண்டத்தை விடியவிடிய இருந்து பார்த்த மக்கள் இப்பகுதியில் இன்னும் இருக்கின்றனர். அரசனாயிருந்த அரிச்சந்திரன் சுடலை காக்கிறான். போர்வீரனாயிருந்த தீபன் பாரிசுப் புறநகரில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குக் காவலாளியாகிறான், படிக்கட்டு கூட்டுகிறான், கடிதங்களைப் பெட்டிகளில் இடுகிறான். இருவர் கதையிலும் பிணம் எரிகிறது. ஆயின் அரிச்சந்திரன் பொய் சொல்ல மறுத்தமையால் மனைவியையும் மகனையும் இழந்தவன். இவனோ பொய் சொன்னமையால் மனைவியையும் மகளையும் பெற்றவன். ஐம்பது வயது கடந்த பின்னர், வாய்மை அதிகாரத்தை எத்தனை வகுப்புகளுக்கு எவ்வளவு எளிதாகக் கற்பித்துவிட்டேன் என்று அன்றிரவு எண்ணினேன். புகலிட விசாரணையில் உண்மையைச் சொன்னால் திருப்பியனுப்பப்படலாம் என்ற நிலையில் நின்றவர்கள் என் மாணவர்களிலேயே உண்டு.

நடிப்பைப் பற்றி இரண்டொரு சொல். வைரமுத்துவின் உணர்ச்சி பாட்டாகப் பொங்கி வெளியே வரும். ஷோபாசக்தியின் முகத்தில் அது உள்ளே போகிறது. தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் எதனையும் அவர் முழுமையாக வெளிக்காட்டுவதில்லை. அச்சம் தோன்றும், உடனே மறையும். வெகுளி கழுத்து நரம்பில் மட்டும் தெரியும். பாரிசு வீதியிலே, தலையில் மினுங்கும் விளக்கு விளையாட்டுப் பொருளைச் சூடிக்கொண்டு, அதையே விற்க இருட்டிலிருந்து அவர் வெளிப்படும் காட்சி ஒன்றுண்டு. முதலில் ஒளிப்புள்ளிகள், பிறகே மனிதன். ஒரு சொல்லும் இல்லை. மனைவியாக நடித்த சென்னை நாடக நடிகை காளீஸ்வரி சீனிவாசனும் அவருக்குக் குறைந்தவர் அல்லர். பேச்சில் யாழ்ப்பாண வழக்கு முற்றும் அமையவில்லை என்பது மட்டும் என்னைப் போன்றோருக்கு உறுத்தும். எனினும் உலகம் கூடும் ஓர் அரங்கில், பாட்டும் ஆட்டமும் இன்றி, நம் வீட்டு முற்றத்துத் தமிழ் பேசப்பட்டதை எண்ண மகிழ்ச்சியே.

மற்றொரு காட்சி என்னை விட்டு அகல மறுக்கிறது. குடியிருப்பில் இரு கும்பல்கள் சுட்டுக்கொள்ள, தீபன் நிலத்திலே வெள்ளைக்கோடு இழுத்து, இவ்விடம் சூடு விலக்கிய வலயம் என்கிறான். பிரெஞ்சுக்காரருக்கு அது ஒரு பித்தனின் செயலாகத் தோன்றலாம். 2009 இல் வன்னியிலே பாதுகாப்பு வலயங்கள் என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் மக்களுக்கு நேர்ந்ததை அறிந்தவர்க்கு அக்கோடு வேறு பொருள் தரும்.

முடிவு எனக்கு உடன்பாடன்று. அவ்வளவு நேரம் போரைத் தன்னுள்ளே அடக்கிவைத்திருந்தவன், இறுதியில் கத்தியெடுத்துப் பலரை வீழ்த்தி மனைவியை மீட்கிறான். அடக்கியதையே காட்டிவந்த படம் அவ்விடத்தில் சாதாரண சண்டைப்படமாகிவிடுகிறது. அதன்பின் வரும் இங்கிலாந்தின் பசும்புல்வெளியும் அவசரத்தில் ஒட்டிய சித்திரம்.

போர்வீரர் நடிகராவது புதிதன்று. அமெரிக்காவின் ஓடி மர்பி இரண்டாம் உலகப்போரில் இளவயதிலேயே தம் நாட்டின் மிகவுயர்ந்த வீரப்பதக்கத்தைப் பெற்றவர்; 1945 சனவரியில் அதற்குரிய போரை அவர் செய்ததும் பிரெஞ்சு மண்ணிலேதான். 1955 இல் வெளிவந்த படத்தில் அவரே தம் பாத்திரத்தைத் தாங்கி, தம் வீரத்தைத் தம் பெயரிலேயே நடித்துக் காட்டினார். வென்ற அரசின் வீரனுக்கு அது கைகூடும். ஆயினும் அவரும் போரின் கெட்ட கனவுகளால் வருந்தித் தலையணைக்கடியிற் கைத்துப்பாக்கி வைத்துத் துயின்றார் என்பர்.

‘தீபன்’ ஷோபாசக்தியின் முதற்படமும் அன்று, கடைசிப் படமும் அன்று. லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ என்னும் படத்தில், தனுஷ்கோடிக் கரையிலே, முன்பே தோன்றியவர். தணிக்கைக் குழு அதனைத் தடுத்து, மேன்முறையீட்டின் பின் 2011 இல் அனுமதி கிடைத்தது. ‘தீபன்’ படத்துக்காகப் பிரான்சின் சேசர் விருதுக்குச் சிறந்த நடிகராக அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. 2019 இல் சிட்னி நகரத்தில் சக்திதரன் எழுதிய ‘கவுண்டிங் அண்ட் கிராக்கிங்’ என்னும் ஆங்கில நாடகத்தில் திரு என்ற பாத்திரத்தை ஏற்றார். இறந்துவிட்டான் என்று மனைவி நம்பியிருந்த ஒருவன், 21 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு திரும்பும் கதை அது.

இத்தனையும் நான் பின்னரே தேடி அறிந்தவை. படம் பார்த்த அன்று, சீருடை எரியும் காட்சியில் ஆச்சி, “உவன் ஆற்றை பிள்ளை, மாஸ்ரர்?” என்று கேட்டார்.

“அல்லைப்பிட்டிப் பெடியன், ஆச்சி. இது நடிப்பு.”

“நடிப்பெண்டு தெரியும். ஆற்றை பிள்ளை எண்டுதான் கேட்டனான்.”

ஆச்சியின் இளைய மகனைப் பற்றி 2009 மே மாதத்துக்குப் பின் ஒரு தகவலும் இல்லை. சிட்னி நாடகத்தின் கதையைச் சில மாதங்களின் பின்னர் ஒரு மாலைப்பொழுதில் அவருக்குச் சொன்னேன். சொல்லியிருக்கலாமோ கூடாதோ என்று இன்றும் தெளிவில்லை. குறுக்கிடாமற் கேட்டார். பிறகு, “எத்தினை வரியம் எண்டனீங்கள்?” என்றார்.

“இருபத்தொண்டு, ஆச்சி.”

ஆச்சி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.