இல்லாத தீவுக்கு ஒரு வரைபடம்

1881இல் ஸ்காட்லாந்தின் பிரேமார் கிராமத்தில், மழைக்காக வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாட்களில், ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் ஒரு தீவை வரைந்து வண்ணம் தீட்டினார். அதன் காடுகளுக்கிடையே கடற்கொள்ளையர்கள் தலைகாட்டத் தொடங்க, ‘டிரெஷர் ஐலண்ட்’ கதை பிறந்தது. எழுத்தாளர் டோல்கீனும் வரைபடத்தை முதலில் போட்டுக்கொண்டு, அதற்கேற்பவே கதையை நகர்த்தியவர். 1954இல் வெளிவந்த அவருடைய நூலுக்கான வரைபடத்தை வரைந்து கொடுத்தவர் மகன் கிறிஸ்டோபர்.

இன்று கற்பனை நாட்டுக்கு வரைபடம் போட விரும்புகிறவருக்கும் முதலில் வேண்டியது தாளும் பென்சிலும்தான். கடற்கரைக் கோடு கைக்கு வசப்படவில்லையா? தாளில் ஒரு பிடி அரிசியைக் கொட்டி, விரலால் லேசாகப் பரப்பி, அதன் விளிம்பை ஒட்டிக் கோடு இழுக்கலாம். கை தானாக வரையத் துணியாத குடாக்களும் முனைகளும் அதில் கிடைக்கும்.

அடுத்து மலை; மலைக்குப் பிறகே ஆறு. புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஆற்றில்தான். ஒரு கடலில் தொடங்கி மறு கடலில் முடியும் ஆறு கிடையாது. ஓடைகள் ஒன்றுசேர்ந்து ஆறாகிப் பள்ளம் நோக்கி ஓடும். கிளைகளாகப் பிரிவது பெரும்பாலும் கடலை நெருங்கும் சமவெளியில். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆறு சரியாக அமைந்துவிட்டால் ஊர்களுக்கான இடமும் தெரிந்துவிடும்: ஆறுகள் கூடுமிடம், கழிமுகம், ஆற்றைக் கடக்கும் துறை.

வரைந்ததும் ஸ்கேன் செய்து வைப்பது அவசியம். ஸ்டீவன்சனின் மூல வரைபடம் பதிப்பகத்துக்கு அனுப்பியபோது தொலைந்துபோனது. கதையை வரிவரியாகப் புரட்டி மறுபடி வரைய வேண்டியதாயிற்று. அது தன் தீவாகவே தோன்றவில்லை என்று பின்னாளில் அவர் வருந்தினார்.

300 டிபிஐ ஸ்கேன் போதும்; பெரிதாக அச்சிடுவதென்றால் 600. வண்ணம் தீட்டக் கிரிட்டா, கிம்ப் என்ற இலவச மென்பொருட்கள் உண்டு. லெவல்ஸ் கருவியால் தாளின் மங்கலை வெள்ளையாக்கி, கோட்டுப்படத்தை மேல் லேயரில் ‘மல்டிப்ளை’ முறையில் வைத்தால் வெள்ளை மறைந்து கோடு மட்டும் நிற்கும். அதற்குக் கீழே கடலுக்கு ஒரு லேயர், நிலத்துக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று. பிடிக்காத நிறத்தை மாற்றும்போது கோட்டில் கீறல்கூட விழாது.

ஊர்ப் பெயர்களைத் தாளில் எழுதாமல் தனி லேயரில் தட்டச்சு செய்வது நல்லது. கதையில் ஓர் ஊரின் பெயர் மாறினால் வரைபடத்தில் அந்தச் சொல்லை மட்டும் திருத்தினால் போதும். சேமிக்கும்போது மென்பொருளின் சொந்தக் கோப்பு வடிவிலும் ஒரு பிரதி இருக்கட்டும்; ஜேபெக் கோப்பில் லேயர்கள் தங்குவதில்லை.