அழகர் நீராடும் சிலம்பாறு

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருமாலிருஞ்சோலைக்குச் செல்லும் அன்பர்கள் பலர், அடிவாரத்தில் கள்ளழகரைச் சேவித்த கையோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். முழங்கால் வலி என்பார்கள். ஆனால் பழமுதிர்சோலை முருகனைக் கடந்து நூபுர கங்கை வரையிலும் மலைமேல் வாகனச் சாலை உண்டு. அழகர் நீராடும் தீர்த்தத்தைக் காணாமல் திரும்புவது, என் எண்ணத்தில், பாதி யாத்திரைதான்.

நூபுரம் என்றால் சிலம்பு. உலகளந்த பெருமாளின் திருவடி மேலுலகை எட்டியபோது பிரம்மதேவர் அதனை நீரால் விளக்கினார். அந்நீர் திருவடிச் சிலம்பில் பட்டுத் தெறித்து இங்கே வீழ்ந்தது என்கிறது தலபுராணம். தமிழில் இதன் பெயர் சிலம்பாறு. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி கூறும் மாங்காட்டு மறையவன் கோவலனிடம் இந்தச் சிலம்பாற்றைப் பற்றியும் சொல்கிறான்.

சித்திரைத் திருவிழாவின் வேரும் இந்த நீரில்தான் இருக்கிறது. சுதபஸ் என்னும் முனிவர் பெருமாளை நினைந்தபடி நூபுர கங்கையில் நீராடிக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த துர்வாசரை அவர் கவனிக்கவில்லை. சினம் கொண்ட துர்வாசர் தவளையாகும்படி சபித்தார். மண்டூக முனிவரான அவருக்கு வைகைக் கரையில் விமோசனம் தரவே அழகர் ஆண்டுதோறும் மலையிறங்கி வருகிறார். ஆற்றில் இறங்குவதைக் காண இலட்சக்கணக்கில் கூடுகிறோம். கதை தொடங்கிய சுனையை நம்மில் எத்தனை பேர் கண்டிருப்போம்?

இங்கே காவல் தெய்வமாக வீற்றிருப்பவள் ராக்காயி அம்மன். அவள் சன்னிதியை ஒட்டித் தொட்டியில் தீர்த்தம் விழுகிறது. அபரஞ்சித் தங்கத்தாலான உற்சவருக்கு இந்த நீரால் மட்டுமே திருமஞ்சனம். வேறு நீர் பட்டால் திருமேனி கருத்துவிடும் என்பது வழிவழி நம்பிக்கை. ஐப்பசி மாதத் தைலக்காப்பு உற்சவத்தின்போது பெருமாளே மலையேறி இங்கு எழுந்தருளி நீராடுகிறார்.

மலையுச்சியில் நீர் எப்படி ஊறுகிறது? காட்டில் பெய்யும் மழை இலைச்சருகிலும் மண்ணிலும் ஊறி, பாறை வெடிப்புகள் வழியே மெல்ல இறங்கி, மேலும் இறங்க வழியில்லாத இடத்தில் வெளிப்படுகிறது. வங்கியில் காலம் கழித்தவனுக்கு இதை வைப்புத்தொகையும் வட்டியுமாகத்தான் பார்க்கத் தெரிகிறது. மழை இட்ட முதலைக் காடு காக்கிறது. நாம் அருந்துவது வட்டி. காடு குறைந்தால் முதல் கரையும். அப்போது அழகரின் திருமஞ்சனத்துக்கு நாம் எந்த நீரைத் தேடுவோம்?

சென்ற முறை நான் போனபோது, படிகளில் ஷாம்பு உறைகள் ஒட்டிக்கிடந்தன. என்னைவிட மூத்த அம்மையார் ஒருவர், ஒரு கையால் சுவரைப் பற்றிக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். “விடுங்களம்மா, ஆள் வருவார்கள்” என்றேன்.

“அழகர் குளிக்கிற தண்ணி, தம்பி. ஆள் வர்ற வரைக்கும் கெடக்கணுமா?” என்றார்.

பையை நான் பிடித்துக்கொண்டேன். அது நிறைந்த பிறகே இருவரும் சொம்பில் தீர்த்தம் பிடித்தோம்.