உள்ளத்தின் தாழ்ப்பாள்

சிவகிரிப் பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால், வீட்டார் இரண்டு இடங்களை நாடுவது நெடுநாளைய வழக்கம். ஒன்று கோடாங்கியின் வாசல். மற்றொன்று சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதி. கோடாங்கி உடுக்கையை அடித்துக்கொண்டே, "உன் மனசிலே இருக்கிறதை நான் சொல்லட்டுமா?" என்று ஆரம்பிப்பார். அம்மனோ ஒன்றும் கேட்பதில்லை. சந்நிதியில் உள்ள சக்கரத்தின்மீது நோயாளி அமர்ந்து, தானாக அழுது, தானாகத் தேறும் வரையில் காத்திருக்கிறாள்.

படித்த நேயர்கள் புன்னகை செய்யக்கூடும். நாமும் முன்பு புன்னகை செய்தவர்கள்தாம். ஆனால் இப்போது விஞ்ஞானமே உடுக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, "உன் மனத்தில் இருப்பதை நான் சொல்லட்டுமா?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிப்பது நம் கடமையாகிறது.

மூளையில் எழும் நுண்ணிய மின்சார அலைகளை மனிதரிடத்தில் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானியர். 1924-ஆம் ஆண்டில் பதிவு செய்து, 1929-இல் அதை வெளியிட்டார். அவர் ஒரு மனோவைத்தியர் என்பது கவனிக்கத்தக்கது. அந்த அலைகள் வலிப்பைக் காட்டின, தூக்கத்தைக் காட்டின, எண்ணத்தைக் காட்டவில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின், 2023-இல், அமெரிக்காவின் டெக்ஸாஸ் சர்வகலாசாலையார் மேலும் ஒரு படி ஏறினார்கள். சிலரை ஸ்கேன் யந்திரத்தில் படுக்கவைத்து, ஒவ்வொருவருக்கும் பதினாறு மணி நேரம் கதை கேட்கச் செய்தார்கள். மூளையில் இரத்தம் பாயும் போக்கைக் கணினிக்குப் பழக்கினார்கள். பிறகு அவர்கள் ஒரு புதுக் கதையைக் கேட்டபோதும், மனத்துக்குள் கதை சொல்லிக்கொண்டபோதும், அதன் சாராம்சத்தைக் கணினி ஒருவாறு எழுதிக் காட்டியது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. படுத்திருந்தவர் மனத்துக்குள் மிருகங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டாலும், வேறு கதையை நினைத்துக்கொண்டாலும், யந்திரம் திணறிப்போயிற்று. ஒருவருடைய மூளையில் பழகிய கணினிக்கு இன்னொருவருடைய மூளை விளங்கவே இல்லை. அதாவது, உள்ளே இருப்பவர் மனம் வைத்தால்தான் கதவு திறந்தது. இன்றைக்கு எந்த வைத்தியரும் யந்திரத்தை வைத்துக்கொண்டு நம் எண்ணங்களைப் படித்துவிட முடியாது. ஆனால் நாளைக்கும் முடியாது என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

இப்படிப்பட்ட கருவிகளால் நன்மையே இல்லை என்று வாதிப்பது பெரும் பிழை. அதே 2023-இல், நோயினால் பேச்சிழந்த இரு பெண்மணிகளின் மூளையில் மின்முனைகளைப் பொருத்தி, அவர்கள் பேச முயன்றதை நிமிஷத்துக்கு அறுபது சொற்களுக்கு மேல் வெளிக்கொணர்ந்தார்கள் அமெரிக்க வைத்தியர்கள். பேச விரும்பியும் பேச முடியாதவருக்கு வாய் கொடுப்பது உயர்ந்த தர்மம். பேச விரும்பாதவரிடமிருந்து பேச்சைப் பிடுங்குவது வேறு காரியம். இரண்டையும் ஒரே யந்திரம் செய்யக்கூடும் என்பதுதான் சங்கடம்.

பிடுங்கும் காரியத்தை நம் தேசம் முன்பே பார்த்திருக்கிறது. மூளை அலைகளைக் கொண்டு, ஒரு சம்பவம் ஒருவர் ஞாபகத்தில் உண்டா என்று கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றை வகுத்தவர், பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவக் கழகத்தில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த சி. ஆர். முகுந்தன். 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், புணே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இச்சோதனையின் முடிவையும் ஒரு சாட்சியமாக ஏற்றுத் தண்டனை விதித்தது. அதே ஆண்டில், அதே நிம்ஹான்ஸின் இயக்குநர் தலைமையில் ஆராய்ந்த நிபுணர் குழு, இச்சோதனைக்குப் போதிய விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று அபிப்பிராயம் தெரிவித்தது.

பின்னர், 2010 மே 5-ஆம் தேதி, செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மயக்க மருந்து கொடுத்துப் பேசவைப்பது, பொய் கண்டறியும் கருவி, மூளைச் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவருடைய சம்மதமின்றி அவர்மீது பிரயோகிக்கக் கூடாது. அது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு கட்டாயப்படுத்துவதாகும். தனிமனித சுதந்திரத்துக்கும் விரோதமாகும் என்றார்கள்.

குற்றஞ் சாட்டப்பட்டவருக்கே இந்தப் பாதுகாப்பு உண்டு. ஒரு குற்றமும் செய்யாமல், தூக்கம் வராமல், துயரம் தாங்காமல் வைத்தியரை நாடி வருகிறவருக்கு மட்டும் அது வேண்டாமா?

"வைத்தியர் நன்மைக்குத்தானே படிக்கிறார்?" என்று கேட்கலாம். இதற்கு விடையாக நம்முடைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு மாணவன் திடீரென்று வாயடைத்துப் போனான். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். ஒரு நாள் இடைவேளையில், அவன் நன்மையை உத்தேசித்தே, அவன் பைக்குள் இருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் படித்தோம். வீட்டில் நடந்த ஒரு துக்கத்தை எழுதியிருந்தான். மறுநாள் அவனைத் தனியே அழைத்து ஆறுதல் சொன்னோம். நாம் சொன்னது அத்தனையும் சரியான வார்த்தைகளே. "சார், நானே உங்களிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்" என்றான் பையன். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முடியும்வரை நம்மிடம் பாடத்தைத் தவிர வேறொன்றும் பேசவில்லை.

விஷயம் நமக்குத் தெரிந்துவிட்டது; ஆனால் அவனுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அவன் தன் வாயால் சொல்லியிருந்தால், சொன்னதே பாதி மருந்தாயிருக்கும். மனோவைத்தியத்தின் ரகசியமும் இதுதான் என்று நாம் நினைக்கிறோம். நோயாளியின் துயரம் இன்னதென்று வைத்தியர் அறிவது மட்டும் சிகிச்சை ஆகாது. அதை நம்பி ஒருவரிடம் ஒப்படைக்கத் துணிவதே சிகிச்சையின் தொடக்கம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் மறைத்தால் என்ன செய்வது? கடினமான கேள்விதான். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் கடமையை வைத்தியருக்கு விதிக்கிறது. உயிருக்கு ஆபத்து நேரிடும் போன்ற சில சந்தர்ப்பங்களில் மட்டும் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு, அறிந்ததைச் சொல்வதற்கேயன்றி, அறியாததைப் பறிப்பதற்கு அல்ல. மேலும், சிவகிரி போன்ற சிற்றூரில் டாக்டர் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது சாயங்காலத்துக்குள் கடைத்தெருவுக்குத் தெரிந்துவிடும். "அங்கே போனால் யந்திரம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுமாம்" என்று ஒரு பேச்சு கிளம்பட்டும். மறைப்பதற்கு உள்ளவர் அந்தத் தெருப்பக்கமே போக மாட்டார். காப்பாற்றப்பட வேண்டியவர் அவரல்லவா?

சித்தம் கலங்கியவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டியதில்லை என்று எண்ணும் பழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் மூண்ட தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டார்கள். பலியானவர்கள் இருபத்தெட்டுப் பேர். அவர்களைக் கட்டியவர்களும் நன்மைக்கென்றே கட்டியதாகச் சொல்லியிருப்பார்கள். இரும்புச் சங்கிலி போய் மின்சாரச் சங்கிலி வரக்கூடாது.

தென் அமெரிக்காவில் சிலி தேசம் 2021-இலேயே மூளையின் செய்திகளுக்குப் பாதுகாப்பைத் தன் அரசியல் சட்டத்தில் சேர்த்துவிட்டது. 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தலையில் அணியும் கருவி ஒன்றை விற்ற கம்பெனி சேகரித்திருந்த ஒருவருடைய மூளைப் பதிவுகளை அழிக்கும்படி உத்தரவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் நம் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரு மனதாகத் தீர்ப்பளித்திருக்கும்போது, நாம் தயங்குவானேன்? நோயாளி சம்மதித்தாலன்றிக் கருவியைத் தொடக்கூடாது. சம்மதித்தவர் நடுவில் வேண்டாமென்றால் அக்கணமே நிறுத்த வேண்டும். பதிவு நோயாளியின் சொத்து, வேலை கொடுப்பவருக்கோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ சம்பந்தம் வைக்க வரும் வீட்டாருக்கோ அதில் பாத்தியதை இல்லை. இந்த மூன்றும் கருவி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே சட்டமாக வேண்டும்.

அதுவரையில் நம் வீடுகளில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மகனோ மகளோ மருமகளோ மௌனமாயிருந்தால், பெட்டியைத் துழாவாமல், செல்போனைத் திறந்து பாராமல், சற்று நேரம் பக்கத்தில் உட்காரலாம். நம்மிடம் சொல்ல அவர்களுக்குக் கூச்சமாயிருந்தால், 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் இலவச மனநல உதவி இருக்கிறதென்று தெரிவித்துவிட்டு, அவர்கள் பேசும்போது நாம் எழுந்து வெளியே போய்விடலாம்.