பவளமா, பாசிமணியா?

அம்மா காலமாகி மூன்று மாதம் கழித்து, செம்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தங்கை வந்தாள். கையில் இரண்டு பவள மாலைகள். ஒன்று அம்மாவுடையது. மற்றது, "வீட்டில் காட்டிவிட்டு வாருங்கள்" என்று ஒரு கடைக்காரர் கொடுத்தனுப்பியது.

"அண்ணே, அம்மா மாலை பிளாஸ்டிக்காம். இருந்தாலும் அதை எடுத்துக்கிட்டு, மேலே பணம் கொடுத்தா புதுசு தர்றேங்கறாங்க. கல்யாணத்துக்கு முந்தி முடிச்சிடலாமா?" என்றாள். அவள் மகளுக்கு அடுத்த மாதம் திருமணம்.

மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சோதிக்காமல் சாமான் ஏற்கிற பழக்கம் எனக்கு இல்லை. "இரண்டு நாள் பொறு" என்று மாலைகளை வாங்கி வைத்தேன். அந்த இரண்டு நாளில் செய்து பார்த்தவை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பவளம் என்பது என்ன? நவரத்தினங்களில் ஒன்று என்றாலும் அது மண்ணில் கிடைக்கும் கல் அல்ல. கடலில் வாழும் சிற்றுயிர்கள் கட்டிய கூடு. அடிப்படையில் சுண்ணாம்புப் பொருள்தான். நகைக்கான சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலிலும் ஜப்பான், தைவான் கடல்களிலும் கிடைக்கிறது. இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே உள்ள டோரே டெல் கிரெக்கோ ஊர் இந்த வேலைக்குப் பேர்போனது. ராமேசுவரத்துக் கடலில் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே இருப்பது பவளப்பாறை, நகைக்கு ஆகாது. 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. எடுப்பதும் விற்பதும் குற்றம்.

முத்து நம் கடலில் விளைந்தது. பவளம் கப்பலில் வந்தது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழி நூல், முசிறியில் இறங்கிய சரக்குகளில் பவளத்தையும் கண்ணாடியையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள உறவு பின்னால் வரும்.

இனி சோதனைகள்.

முதல் சோதனை தண்ணீர். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு போதும். அம்மா மாலை 28.7 கிராம். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, மாலையை நூலில் தொங்கவிட்டு, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்கினேன். தராசு 11.0 காட்டியது. 28.7-ஐ 11-ஆல் வகுத்தால் 2.61. நல்ல பவளம் 2.6 முதல் 2.7 வரை இருக்கும். பிளாஸ்டிக் பெரும்பாலும் 1.5-க்குக் கீழேதான். ஆகவே பிளாஸ்டிக் என்ற பேச்சு பொய்.

இரண்டாவது அசிட்டோன். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் இது இருக்கும் (அசிட்டோன் இல்லாத வகையும் உண்டு, பார்த்து வாங்குங்கள்). பஞ்சில் தொட்டு, மணியின் துளை ஓரம் தேய்க்க வேண்டும். பவளத்தின் இயற்கை நிறம் ஒட்டாது. புதிய மாலையில் தேய்த்தேன், பஞ்சு சிவந்தது. மூங்கில் பவளம் என்று ஒரு மலிவான வெள்ளை வகை உண்டு. அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றி விற்பது வழக்கம். எடையில் அது அசல் போலவே இருக்கும். பாலில் போட்டால் அசல் பவளம் பாலைச் சிவக்க வைக்கும் என்பார்கள். உண்மை தலைகீழ்: சிவந்தால் சாயம்.

மூன்றாவது, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். அசல் பவளத்தில் தலைமுடியைவிட மெல்லிய கோடுகள் நெருக்கமாக, ஒரே திசையில் ஓடும். கண்ணாடியில் கோடு இராது; உள்ளே காற்றுக் குமிழி தெரியும்.

அமிலத் துளி வைத்துப் பார்க்காதீர்கள். சுண்ணாம்புப் பொருள் எதுவானாலும், கிளிஞ்சலும் கூட, நுரைக்கும். பளபளப்பும் போய்விடும்.

தரம் பற்றி ஒரு வார்த்தை. தங்கத்துக்கு ஹால்மார்க் இருப்பதுபோலப் பவளத்துக்குப் பொதுவான தரமுத்திரை கிடையாது. "ஏ கிரேடு", "ட்ரிபிள் ஏ" எல்லாம் கடைக்காரர் வைக்கும் பெயர்கள். நீங்கள் பார்க்க வேண்டியவை: நிறம் சீராக இருக்கிறதா, குழி, வெடிப்பு உண்டா, மணிகள் ஒத்திருக்கின்றனவா, எவ்வளவு பெரியவை. கிளை ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருப்பதில்லை. அதனால்தான் பெரிய மணிக்கு விலை கூடுகிறது. ஜப்பானின் கருஞ்சிவப்புப் பவளத்தின் நடுவில் வெள்ளை இருப்பது இயற்கை, குறை அல்ல. இங்கே மூங்கா என்று கேட்டால் ரத்திக் கணக்கில் சொல்வார்கள். ரத்தி இடத்துக்கு இடம் மாறும். கேரட்டில் கேளுங்கள், ஒரு கேரட் 0.2 கிராம். விலை அதிகமென்றால் பரிசோதனைக் கூடத்துச் சான்றிதழ் வாங்குங்கள். சாயம், மெழுகு ஏற்றியிருந்தால் அதில் குறித்திருக்க வேண்டும்.

அம்மா மாலைக்கு வருகிறேன். 2.61 என்றதும் "அத்தனையும் அசல்" என்று தங்கைக்குப் போன் செய்துவிட்டேன். மறுநாள் லென்ஸ் வைத்து 61 மணிகளையும் பார்த்தபோதுதான் என் அவசரம் புரிந்தது. 47 மணிகளில் கோடு இருந்தது. கொக்கிக்கு இருபுறமும் ஏழேழு மணிகளில் குமிழி இருந்தது. கண்ணாடி! சாதாரணக் கண்ணாடியின் கணக்கும் 2.5-ஐ ஒட்டியே வருவதால் தண்ணீர்ச் சோதனையில் அது பிடிபடவில்லை. ஒரு சோதனையை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று பையன்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

ஊரில் இருக்கும் சித்தியிடம் கேட்டேன். "எய்யா, உங்கப்பா மில்லு வேலைநிறுத்தத்துல இருந்தாருல்ல, அப்போ ஒவ்வொண்ணா வித்தா. உன் கடைசி வருசப் பீஸு அதுலதான் கட்டுனா. கொண்டைக்குக் கீழே யாருக்குத் தெரியும்னு பாசிமணி கோத்துக்கிட்டா" என்றார்.

1982 ஜனவரி 18-இல் தொடங்கியது அந்த வேலைநிறுத்தம். சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள். தாராவியில் எங்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வழியில்லாத நாட்கள் அவை. அந்த ஆண்டுதான் நான் டிப்ளமோ முடித்தேன். பீஸ் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை.

புதிய மாலை கடைக்குத் திரும்பிப் போனது. கண்ணாடியை எடுத்துவிட்டு நல்ல மணி வாங்கித் தருகிறேன் என்றேன். மருமகள், "வேண்டாம் மாமா, ஆச்சி கோத்தபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். புது நூலில் அதே வரிசையில் கோத்துக் கொடுத்தோம். அதை அணிந்துதான் மணவறையில் உட்கார்ந்தாள்.

வீட்டில் பழைய பவளம் இருந்தால் புளி, எலுமிச்சை போட்டுக் கழுவாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். மங்கிவிட்டது என்று மாற்றக் கொடுக்கும் முன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு லென்ஸைக் கொண்டுவருகிறேன்.