பந்தய தர்மம் – 9: இன்னொருவர் எண்

சென்ற வாரம் பாதை அளக்கும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். சைக்கிள் சக்கரத்தில் பொருத்திய கருவியைக் கொண்டு, வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் மட்டும் விலகி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியே அளந்து, அப்படியும் தூரம் குறைந்துவிடலாகாதென்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் வீதம் கூட்டி நிர்ணயிக்கிறார்களே, அந்த நியாய உணர்ச்சி ஓடுகிறவரிடமும் இருந்தாலன்றி அளந்தவரின் பிரயாசை முழுவதும் வீண் என்பதைச் சொல்லவே இவ்வாரம் முற்படுகிறேன்.

மார்பில் ஊக்கு குத்தி அணிந்துகொள்ளும் எண் அட்டையை வெறும் அனுமதிச் சீட்டாகக் கருதும் வழக்கம் நம் ஊர்ப் பந்தயங்களில் இருக்கிறது. சென்னைக் கடற்கரைச் சாலையிலோ கோவை ரேஸ்கோர்ஸிலோ ஞாயிறு விடியலில் ஓடுவதாகப் பெயர் கொடுத்த ஒருவர், காய்ச்சல் கண்டதாலோ வெளியூர்ப் பிரயாணம் குறுக்கிட்டதாலோ வர இயலாமற்போகையில், கட்டிய பணம் வீணாக வேண்டாமே என்று தம் எண்ணை அக்காள் மகனிடம் கொடுத்தனுப்புகிறார். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் வஞ்சக எண்ணம் கிஞ்சித்தும் இல்லையென்பது வாஸ்தவமே. ஆனால் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே இருப்பது மாமாவின் 56 வயது. மருமகனுடைய 23 வயதுக் கால்கள் எல்லைக்கோட்டைக் கடக்கும்போது, கருவி 56 வயதுக்காரர் வந்துவிட்டதாகவே குறித்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் இருட்டோடு எழுந்து பயிற்சி செய்து, தம் வயதுப் பிரிவில் நியாயமாக மூன்றாவது வந்த பெரியவர் ஒருவர், மேடையில் தம் பெயர் ஏன் அழைக்கப்படவில்லை என்று விளங்காமலே பஸ் ஏறிப் போகிறார்.

பின்னால் பிழை தெரிந்து பதக்கம் வீடு தேடி வரலாம். மேடையில் நின்றிருக்க வேண்டிய அந்த நிமிஷம் வராது. 1980-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பெண்களில் முதலாவதாக ஓடிவந்த கனடா நாட்டு ஜாக்குலீன் காரோவுக்கு நேர்ந்த அநியாயமும் இவ்வகைப்பட்டதே. பந்தயம் முடிய ஒரு மைலுக்கும் குறைவாக இருக்கையில் கூட்டத்திலிருந்து பாதையில் புகுந்த ரோஸி ரூயிஸ், 2 மணி 31 நிமிஷம் 56 வினாடியில் வென்றதாக அறிவிக்கப்பட்டு வெற்றி மாலையும் சூட்டப்பெற்றார். மோசடி வெளிப்பட்டு, காரோவே வெற்றியாளர் என்று தீர்மானமானபோது அந்த நாளும் ஆரவாரமும் கடந்துபோயிருந்தன. எண் அட்டையோடு தரும் சிப்பைப் படிக்கும் பாய்களை இடைவழியில் ஆங்காங்கே இன்று விரித்து வைத்திருப்பதால் குறுக்கே புகுவது கடினமாகிவிட்டது. எனினும் அந்தப் பாய் எண்ணைப் படிக்குமேயன்றி முகத்தைப் படிக்காது.

பரிசைக் காட்டிலும் கவலைக்குரிய விஷயம் ஒன்றுண்டு. எண் அட்டையின் பின்புறத்தில் இரத்த வகையையும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் எழுதச் சொல்லுகிறார்கள். மயங்கி விழுந்த இளைஞனின் அட்டையைத் திருப்பிப் பார்க்கும் வைத்தியர், மாமாவின் இரத்த வகையைப் படித்து, மாமியின் எண்ணுக்குத் தகவல் சொல்லுவார். மாமாவோ வீட்டுத் திண்ணையில் காப்பி அருந்திக்கொண்டிருப்பார், பையனின் தாய்க்கோ ஒன்றும் தெரியாது. பணம் போனால் போகட்டும், எண் கைமாற வேண்டாம் என்று நான் இத்தனை வற்புறுத்துவது இதனால்தான். முன்கூட்டியே சொன்னால் பெயர் மாற்றித் தரும் அமைப்பாளர்களும் உண்டு.

புறப்படும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலிடங்களை வேட்டுச் சத்தத்திலிருந்து எண்ணும் நேரத்தைக் கொண்டே நிர்ணயிப்பது விதியாதலால், நடந்தே முடிக்க உத்தேசித்தவர்கள் புகைப்படத்துக்காக முன்வரிசையில் கைகோத்து நிற்பது, பின்னால் நிற்கும் வேகக்காரரின் வினாடிகளைப் பறிப்பதாகும்.

விதி மீறாமலிருப்பதே நியாயம் என்று நினைப்பவர்களுக்கு 2012 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டு நவார்ரா மாகாணத்தின் புர்லாதா என்ற சிற்றூரில் நடந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். அவ்வாண்டு லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கென்யாவின் ஏபல் முத்தாய் முன்னணியில் வந்து, எல்லையைத் தொட்டுவிட்டதாக எண்ணிச் சில மீட்டர் முன்பாகவே நின்றுவிட்டார். இரண்டாவதாக வந்த இவான் பெர்னாந்தஸ் அனாயா அவரைத் தாண்டிப் போயிருக்கலாம். எந்த நடுவரும் ஆட்சேபித்திருக்க முடியாது. அவரோ வேகத்தைக் குறைத்து, தம் பாஷை விளங்காத முத்தாய்க்குக் கையசைத்து எல்லைக்கோட்டைக் காட்டி, அவரை முன்னே விட்டுத் தாம் பின்னே வந்தார். 1995-இல் உலக மாரத்தான் பட்டம் வென்றவரும் இவானின் பயிற்சியாளருமான மார்ட்டின் பிஸ், தாமாக இருந்தால் அப்படிச் செய்திருக்கமாட்டார் என்றே அபிப்பிராயம் தெரிவித்தார். குருவின் கட்சியிலும் நியாயம் இல்லாமலில்லை. எல்லை எது என்று அறிந்து ஓடுவதும் ஓட்டக்காரனின் பொறுப்புத்தானே. ஆயினும் நான் சிஷ்யன் பக்கமே நிற்கிறேன். அன்று யார் வேகமானவர் என்ற கேள்விக்கு முத்தாயின் கால்கள் அந்த இடத்துக்குள் பதில் சொல்லிவிட்டிருந்தன. அடுத்தவரின் தடுமாற்றத்தைக் கொண்டு அந்தப் பதிலை மாற்ற இவானுக்கு மனம் வரவில்லை.

உதவியே ஒருவரின் வெற்றியைப் பறித்ததும் உண்டு. 1908-இல் லண்டனில் தள்ளாடி விழுந்த டொராண்டோ பியத்ரியை அதிகாரிகள் தாங்கிப் பிடித்து எல்லையைக் கடக்கச் செய்ததையும், அதனால் அவர் தகுதியிழந்ததையும் அடுத்த வாரம் பார்ப்போம்.